விபத்தே இல்லை, பிரீமியம் ஏன் ஏறியது?

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காலைப் பசியாறி முடிப்பதற்குள் மாமா ஒரு தாளைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கார் காப்புறுதியைப் புதுப்பிப்பதற்காக முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கு அது. கோபத்தில் அச்செடுத்தே வைத்திருந்தார்.

“நீயே பாரும்மா. போன வருசம் 748 வெள்ளி. இந்த வருசம் 932. ஒரு கிளேம் கிடையாது. கார் பழசாகிட்டே போகுது, அதோட மதிப்பு குறைஞ்சுகிட்டே போகுது. காப்புறுதி மட்டும் எப்படி ஏறும்?”

மாமாவின் கேள்வி நியாயமானது. நம்மில் பலர் ஆண்டுக்கு ஒருமுறை இதே கேள்வியைக் கேட்கிறோம். சாலை வரி முடிய இரண்டு நாள் இருக்கும். காப்புறுதி இல்லாமல் சாலை வரி எடுக்க முடியாது. அதனால் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிடுகிறோம். கீழே இருக்கும் மொத்தத் தொகையைப் பார்ப்பதோடு சரி. அதற்கு மேலே உள்ள வரிகளை யாரும் படிப்பதில்லை.

“போன வருசத் தாள் இருக்கா மாமா?” என்று கேட்டேன். அக்கா அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

இரண்டு தாள், ஐந்து வரி

மாமாவின் கார் 2019-இல் வாங்கிய 1.5 மைவி. போன ஆண்டு காப்புறுதித் தொகை 40,000 ரிங்கிட், இந்த ஆண்டு 38,000 ரிங்கிட். கணக்கு இப்படி இருந்தது.

முதல் வரி, அடிப்படைப் பிரீமியம். போன ஆண்டு 1,320 ரிங்கிட், இந்த ஆண்டு 1,420.

இரண்டாவது வரி, என்சிடி. ஆண்டு முழுவதும் இழப்பீடு கோராமல் இருந்ததற்கான கழிவு. இரண்டு ஆண்டும் 55 விழுக்காடு. கழிவு போக 594 ரிங்கிட் இருந்தது 639 ஆகியிருக்கிறது.

மூன்றாவது வரி, முன்கண்ணாடிக்கான காப்புறுதி. கண்ணாடியின் மதிப்பில் 15 விழுக்காடு கட்டணம். போன ஆண்டு 600 ரிங்கிட் மதிப்புக்கு 90. இந்த ஆண்டு மதிப்பு 800, கட்டணம் 120.

நான்காவது வரி, வெள்ளம், நிலச்சரிவு போன்ற இயற்கைப் பேரிடர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு. போன ஆண்டு இல்லை. இந்த ஆண்டு 95 ரிங்கிட்.

ஐந்தாவது வரி, இவை அனைத்தின் மீதும் 8 விழுக்காடு சேவை வரி. அதன் பிறகு முத்திரை வரி 10 ரிங்கிட்.

மொத்தம் ஏறியது 183 ரிங்கிட் 60 சென். இதில் அடிப்படைப் பிரீமியம் ஏறியதால் வந்தது 45 ரிங்கிட்தான். கண்ணாடிக்கு 30, வெள்ளத்துக்கு 95, மிச்சம் 13 ரிங்கிட் 60 சென் வரி.

மாமா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “வெள்ளத்துக்கு நான் எப்பம்மா கேட்டேன்?”

வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தோம். “அண்ணே, இந்த வருசம் வெள்ளத்துக்கும் சேர்த்துப் போடட்டுமா? கண்ணாடி விலையும் கூடியிருக்கு” என்று முகவர் கேட்டிருந்தார். மாமா கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தார். அக்கா சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை.

அந்த 45 ரிங்கிட் எங்கிருந்து வந்தது?

கணக்கில் சிறியது என்றாலும் மாமாவின் உண்மையான கேள்வி இந்த 45 ரிங்கிட்டில்தான் இருக்கிறது. காரின் மதிப்பு 2,000 ரிங்கிட் குறைந்திருக்கிறது. அடிப்படைப் பிரீமியம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 100 ரிங்கிட் ஏறியிருக்கிறது. என்சிடி கழிவுதான் அதை 45 ஆக்கியது.

முன்பெல்லாம் நம் நாட்டில் கார் காப்புறுதி விலை எங்கே கேட்டாலும் ஒன்றுதான். இயந்திரத்தின் சிசி எவ்வளவு, காரின் மதிப்பு எவ்வளவு என்று பார்த்து ஓர் அட்டவணைப்படி எல்லா நிறுவனங்களும் ஒரே கட்டணம் வாங்கின. 2017 ஜூலை 1-ஆம் தேதி முதல் முழுமைக் காப்புறுதிக்கும், தீ, திருட்டு சேர்ந்த மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கும் அந்தக் கட்டுப்பாட்டை பேங்க் நெகாரா தளர்த்தியது. அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குப்படி விலை வைக்கலாம்.

அந்தக் கணக்கில் ஓட்டுநரின் வயது வருகிறது. கார் இரவில் எங்கே நிற்கிறது என்பது வருகிறது. அந்த வகைக் கார் எவ்வளவு திருடு போகிறது, அதற்கான உதிரிபாகம் என்ன விலை என்பதும் வருகிறது. நீங்கள் ஒழுங்காக ஓட்டினாலும், உங்கள் காரைப் போன்ற கார்களுக்கு நிறுவனம் நிறைய இழப்பீடு கொடுத்திருந்தால் உங்கள் விலையும் ஏறும்.

பழுதுபார்க்கும் செலவும் முன்பு போல இல்லை. மாமாவின் பழைய சாகாவில் பம்பர் என்பது வெறும் பிளாஸ்டிக். இன்றைய பம்பரில் சென்சார் இருக்கிறது. சில கார்களில் கேமராவும் இருக்கிறது. 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் உயர்ரக மாடலிலேயே முன்னால் தடை வந்தால் தானாக பிரேக் போடும் வசதி உண்டு. அதற்கான கேமரா முன்கண்ணாடிக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட காரில் கண்ணாடியை மாற்றினால் கேமராவையும் மறுபடி சரிபார்த்து அமைக்க வேண்டும்.

“அது சரி, என் கார் பழசுதானே?” என்றார் மாமா.

கார் பழசானால் மொத்தமாகத் தொலைந்தாலோ நொறுங்கினாலோ நிறுவனம் கொடுக்கும் தொகை குறையும். ஆனால் ஒரு விளக்கு உடைந்தால் அந்த விளக்கின் விலை காரின் வயதைப் பார்த்துக் குறைவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. நம் கார் மோதி ஒருவர் காயமடைந்தாலோ இறந்தாலோ நம் காப்புறுதி கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு 30 லட்சம் ரிங்கிட் வரை பொறுப்பு உண்டு. 38,000 ரிங்கிட் கார் மோதினாலும் மூன்று லட்சம் ரிங்கிட் கார் மோதினாலும் அடிபட்டவருக்கு வலி ஒன்றுதான். நாம் கட்டும் பிரீமியத்தின் ஒரு பகுதி அந்தப் பொறுப்புக்குப் போகிறது.

மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப வெள்ளத்தை எடுத்துடச் சொல்றேன். 95 வெள்ளி மிச்சம்” என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து திரும்பினார். “ஏங்க, ஸ்ரீ மூடாவை மறந்துட்டீங்களா?”

வெட்டும் இடம் எது?

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைக் கிள்ளான் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்காவின் தோழி ஒருவர் அங்கே இருந்தார். வீட்டு வாசலில் நின்ற கார் கூரைவரை நனைந்தது. முழுமைக் காப்புறுதிதான் எடுத்திருந்தார். ‘முழுமை’ என்ற பெயரை நம்பி எல்லாம் அதில் அடங்கும் என்று நினைத்திருந்தார். வழக்கமான முழுமைக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அவருக்கு ஒரு சென்னும் கிடைக்கவில்லை. நாசமான காருக்கு வங்கித் தவணையை மட்டும் தொடர்ந்து கட்டினார்.

எல்லோருக்கும் வெள்ளப் பாதுகாப்பு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேட்டுப்பகுதியில், அடுக்குமாடியின் மேல்தளத்தில் காரை நிறுத்துபவர் வேறு முடிவு எடுக்கலாம். ஆனால் வேலைக்குப் போகும் இடத்தில் கார் எங்கே நிற்கிறது, போகும் வழியில் தண்ணீர் தேங்குமா என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுங்கள். தாழ்வான இடத்தில் இருப்பவர் 95 ரிங்கிட்டுக்காக 38,000 ரிங்கிட்டை நடுத்தெருவில் விடக்கூடாது.

மாமா விடவில்லை. “சரி, வெள்ளம் இருக்கட்டும். காப்புறுதித் தொகையைக் குறைச்சுக்கலாம். 38,000 எதுக்கு? 28,500 போதும். நான் என்ன காரை விக்கவா போறேன்?”

இது பலர் செய்வது. எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். முகவரிடம் கேட்டோம். தொகையை அப்படிக் குறைத்தால் ஆண்டுக்குச் சுமார் 120 ரிங்கிட் மிச்சமாகும் என்றார்.

அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். காரின் சந்தை மதிப்பில் 90 விழுக்காட்டுக்கும் குறைவான தொகைக்குக் காப்புறுதி எடுத்திருந்தால், மிச்சப் பகுதிக்கு நீங்களே காப்புறுதியாளர் என்று நிறுவனம் எடுத்துக்கொள்ளும். 38,000-க்கு 28,500 என்பது 75 விழுக்காடு. நாளைக்கு விபத்தில் 8,000 ரிங்கிட் பழுது வந்தால், மற்ற கழிவுகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நிறுவனம் கொடுப்பது 6,000. மிச்சம் 2,000 உங்கள் கையிலிருந்து. கார் முழுதாக நாசமானால்தான் தொகை முக்கியம் என்று நினைக்க வேண்டாம். சின்னப் பழுதுக்கும் இதே விகிதம்தான்.

தொகையைக் கூட்டிப் போட்டாலும் லாபமில்லை. 38,000 மதிப்புள்ள காருக்கு 45,000 என்று சந்தை மதிப்பு முறையில் எடுத்தால், கார் தொலைந்த அன்று அதன் சந்தை விலைதான் கிடைக்கும். கூடுதலாகக் கட்டிய பிரீமியம் வீண். ஒப்புக்கொண்ட மதிப்பு என்று இன்னொரு முறை இருக்கிறது. அதில் எடுக்கும்போதே தொகையை இரு தரப்பும் முடிவு செய்துகொள்கிறார்கள். உங்கள் தாளில் இரண்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பம்பரும் 55 விழுக்காடும்

இந்த நேரத்தில் அக்கா மகன் கீழே இறங்கி வந்தான். வந்தவன் மேசையில் காப்புறுதித் தாளைப் பார்த்ததும் மறுபடி மேலே போகப் பார்த்தான். மாமா விடவில்லை.

“சொல்லுடா உங்க சித்திகிட்ட!”

விஷயம் இதுதான். பி லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம். இரண்டு நாளுக்கு முன் பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் தூணில் உரசிவிட்டான். பின் பம்பர் பிளந்துவிட்டது. வேறு காரோ ஆளோ சம்பந்தப்படவில்லை. பட்டறையில் 1,200 ரிங்கிட் கேட்கிறார்கள்.

“ஆறு வருசமா இந்தக் காருக்குக் கட்டுறேன். அதுக்கு முன்னால சாகாவுக்குக் கட்டுனேன். ஒரு வெள்ளி வாங்கினதில்ல. இந்தத் தடவை கிளேம் பண்ணியே ஆகணும்” என்றார் மாமா.

நான் ஒரு பேனா கேட்டேன்.

நம் நாட்டில் தனியார் காருக்கான என்சிடி படிப்படியாக ஏறும். இழப்பீடு கோராத முதல் ஆண்டுக்குப் பிறகு 25 விழுக்காடு. அடுத்து 30, பிறகு 38.33, பிறகு 45, ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு 55. அதற்கு மேல் ஏறாது. அதனால்தான் மாமாவைப் போல நெடுநாள் கவனமாக ஓட்டியவர்களுக்கு அடிப்படைப் பிரீமியம் ஏறும்போது சட்டென்று உறைக்கிறது. முன்பு ஒவ்வோர் ஆண்டும் கழிவு கூடி விலையேற்றத்தை மறைத்தது. இப்போது மறைக்க ஒன்றுமில்லை.

ஏற ஐந்தாண்டு எடுக்கும் இந்தக் கழிவு, இறங்க ஒரு கிளேம் போதும். நம் தவற்றால் வந்த சேதத்துக்கு இழப்பீடு கோரினால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யம்.

மாமாவின் அடிப்படைப் பிரீமியம் 1,420 ரிங்கிட் மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிவோடு அவர் கட்டுவது 639. இந்தப் பம்பருக்காகக் கிளேம் செய்தால், அடுத்தடுத்த ஐந்து புதுப்பிப்புகளில் அவர் கூடுதலாகக் கட்டுவது முதலில் 781, பிறகு 426, 355, சுமார் 237, கடைசியில் 142. கூட்டினால் ஏறக்குறைய 1,941 ரிங்கிட். சேவை வரியும் சேர்த்தால் 2,096. ஆறாவது புதுப்பிப்பில்தான் மறுபடி 55-க்கு வந்து சேர்வார்.

அப்படியும் 1,200 ரிங்கிட் முழுதாகக் கிடைக்குமா? கிடைக்காது. பி லைசென்ஸ் வைத்திருப்பவர், 21 வயதுக்குக் குறைந்தவர், அல்லது காப்புறுதியில் பெயர் சேர்க்கப்படாதவர் ஓட்டியிருந்தால் முதல் 400 ரிங்கிட்டை உரிமையாளர்தான் ஏற்க வேண்டும். இதை எக்சஸ் என்பார்கள். அடுத்து, கார் ஐந்து வயதைத் தாண்டிவிட்டதால் புதிய உதிரிபாகம் போட்டால் அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளரிடம் கேட்பார்கள். ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காடு, ஆறுக்கு 20 என்று ஆண்டுக்கு ஐந்தைந்தாக ஏறி, பத்து வயதில் 40 விழுக்காட்டில் நிற்கும்.

ஆக, 800 ரிங்கிட்டுக்கும் குறைவாக வாங்கி 2,096 ரிங்கிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

மாமா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்ப நான் இத்தனை வருசம் கட்டுனது எல்லாம்?”

அந்தப் பணம் நம் பெயரில் சேமிப்பாகக் கிடப்பதில்லை. நாம் கட்டிய அதே ஆண்டில் வேறொருவரின் கால் உடைந்ததற்கும், இன்னொருவரின் கார் திருடு போனதற்கும் அது போய்விட்டது. நாம் வாங்கியது அந்த ஓராண்டுக்கான பாதுகாப்பு. வாங்க வேண்டிய நிலை வராமல் போனது நம் நல்ல காலம்.

எதைக் கோரினால் என்சிடி போகாது?

கிளேம் என்றாலே பயப்படவும் வேண்டாம். இரண்டு சந்தர்ப்பங்களை நினைவில் வையுங்கள்.

முன்கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால், கண்ணாடி உடைந்து இழப்பீடு வாங்கினாலும் என்சிடி குறையாது. அந்த 120 ரிங்கிட்டுக்கு அதுதான் பயன்.

தவறு எதிர்த்தரப்பில்தான் என்று போலீஸ் விசாரணையில் உறுதியானால், நாக் ஃபார் நாக் முறையில் உங்கள் சொந்த நிறுவனத்திடமே பழுதுக்கான பணத்தைக் கோரலாம். அப்போதும் என்சிடி அப்படியே இருக்கும். இது தெரியாமல், பின்னாலிருந்து ஒருவர் இடித்துவிட்டுப் போனதற்கும் சொந்தப் பணத்தில் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்வது சட்டப்படி கட்டாயம். வேறு கார் அல்லது ஆள் சம்பந்தப்பட்டிருந்தால், “நமக்குள்ளேயே முடிச்சுக்கலாம்” என்ற பேச்சை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து அவர் கழுத்து வலிக்கிறது என்று வந்தால் உங்கள் கையில் எந்த ஆதாரமும் இருக்காது. நீங்கள் கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டியிலும் காரை ஏற்றாதீர்கள். காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்து, அங்கீகரிக்கப்பட்ட பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஊதிப் பெருக்கப்பட்ட பழுதுக் கணக்குகளுக்கும் கடைசியில் பணம் கட்டுவது நாம்தான்.

புதுப்பிக்கும் முன் ஒரு மணி நேரம்

சாலை வரி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். போன ஆண்டுத் தாளையும் இந்த ஆண்டுத் தாளையும் பக்கத்தில் வைத்து எந்த வரி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 2024 மார்ச் 1-க்கு முந்தைய தாளாக இருந்தால் அதில் சேவை வரி 6 விழுக்காடாக இருக்கும். அந்த வேறுபாடு அரசாங்க வரியால் வந்தது.

என்சிடி சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மைகார்இன்ஃபோ இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். இந்தக் கழிவு காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்றால் அதை உங்கள் அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாமா தன் சாகாவிலிருந்து மைவிக்குக் கொண்டுவந்தது அப்படித்தான்.

குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். காப்புறுதித் தொகை, கூடுதல் பாதுகாப்புகள், பெயர் சேர்த்த ஓட்டுநர்கள் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். நிறுவனத்திடம் நேரடியாக இணையத்தில் வாங்கினால் முகவருக்குப் போகும் 10 விழுக்காட்டைச் சில நிறுவனங்கள் தள்ளுபடியாகத் தருகின்றன. நள்ளிரவில் விபத்து நடந்தால் உடனே போனை எடுக்கும் முகவர் உங்களுக்கு இருந்தால், அந்த 10 விழுக்காட்டுக்கு அவர் தகுதியானவரா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

காரை வீட்டில் வேறு யார் ஓட்டினாலும் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

மாமா அன்று மாலையே வேறு இரண்டு இடங்களில் விலை கேட்டார். ஒன்று 100 ரிங்கிட் குறைவாக இருந்தது. படித்துப் பார்த்தால் அதில் வெள்ளப் பாதுகாப்பு இல்லை. கடைசியில் பழைய முகவரிடமே, மகனின் பெயரையும் சேர்த்து, 38,000-க்கே புதுப்பித்தார். இந்த முறை கட்டைவிரல் படம் அனுப்பவில்லை. போன் செய்து வரி வரியாகக் கேட்டார்.

பம்பருக்கான 1,200 ரிங்கிட்டை மாமா கொடுத்துவிட்டார். அக்கா மகன் வாரக்கடைசியில் பகுதிநேர வேலை செய்கிறான். மாதம் 100 ரிங்கிட் என்று பன்னிரண்டு மாதத்தில் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறான்.

“இதுக்கு வட்டி கிடையாதுல்ல, சித்தி?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான்.

“உங்க அப்பாவோட 55 விழுக்காடு அப்படியே இருக்கிற வரைக்கும் கிடையாது” என்றேன்.